நெஞ்சுக்குள் பெட்டி, கையில் சாவிக்கொத்து

ஆம்பூரில் புழங்கும் சாவிகளில் பாதியை நான் கையில் பிடித்திருக்கிறேன். பீரோ சாவி, மொபெட் சாவி, எங்கள் சபையின் காணிக்கைப் பெட்டிச் சாவி, தெருமுனைக் கறிக்கடைக்காரரின் ஷட்டர் சாவி. எதையும் நான் கேட்டு வாங்கியதில்லை. மயங்கி விழுந்தவள் கையில் இரும்பைத் திணித்தால் எழுந்துவிடுவாள் என்று எங்கள் ஊரில் படித்தவர், படிக்காதவர், கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் எல்லாரும் ஒருமனதாக நம்பினார்கள். வேறு எந்த விஷயத்திலும் இந்த ஊர் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாவி வைத்ததும் நான் எழுந்தது உண்மைதான். வைக்காவிட்டாலும் எழுந்திருப்பேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கண்ணைத் திறந்தால் சுற்றிலும் இருபது முகம். ஒவ்வொரு முகத்திலும் தானே உயிர் கொடுத்துவிட்ட பெருமை. எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அதற்கப்புறம்தான் நான் எங்கே கிடக்கிறேன் என்பதே தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், பிளஸ் டூ முடித்த கையோடு, ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் எனக்கென்று ஒரு போஸ்ட் மெஷின் கொடுத்தார்கள். சாதாரணத் தையல் மெஷின் மாதிரி தட்டையாக இருக்காது. தூண் போல உயர்ந்து நிற்கும், அதன் தலையில் ஊசி. வளைந்த தோலை அதன்மேல் போர்த்தித் திருப்பிக்கொண்டே தைக்க வேண்டும். மூக்குப் பக்கத்து வளைவில் இரட்டைத் தையல் போடும்போது இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஆரம்பம் முதல் கடைசிவரை மாறக்கூடாது. என் லைனில் நாற்பது பெண்கள். அந்த வளைவை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் அனுப்பக்கூடிய கை என்னுடையது ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மற்றவர்கள் தைத்ததைத் திருத்தியே எனக்குக் கழுத்து வலி வந்தது.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் முதல் தடவை விழுந்தேன். வயிற்றில் ஏதோ புரண்ட மாதிரி இருந்தது, டியூப் லைட் மங்கியது, அவ்வளவுதான். கையும் காலும் வெட்டி இழுத்ததாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷத்துக்குள் இன்னும் மூன்று தடவை விழுந்தேன். மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது, பிறகு திடீரென்று ஒரு நாள் தரையில் கிடப்பேன்.

எங்கள் லைன் சூப்பர்வைசரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றிலும் மை இருக்காது. இடுப்பு பெல்ட்டில் ஒரு சாவிக்கொத்து. ஊசி வைக்கும் அலமாரி, நூல் அலமாரி, தன் மேசை இழுப்பறை, தன் வீடு, தன் வண்டி எல்லாம் அதில் தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் நாற்பது பெண்களும் பேச்சை நிறுத்துவது தன் மரியாதைக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை லைனில் விழுந்து எழுந்து நான் முகம் கழுவி வந்தபோது அந்த மனிதர் கேட்டது இது:

"இன்னாம்மா, ஷிப்மென்ட் டைமா பாத்து கரெக்டா வருது உனக்கு?"

நாலாவது தடவை விழுந்த மறுநாள், அவர் எழுதிய ரிப்போர்ட்டில் காக்கா வலிப்பு என்று போட்டிருந்தது. எந்த டாக்டரையும் கேட்கவில்லை. என்னை மெஷினிலிருந்து எடுத்து, நூல் கத்திரிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். தைத்து முடித்த தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனியை வெட்டுகிற வேலை. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் கொடுப்பது. என் மெஷினில் உட்கார்ந்தவள் வளைவைத் தைத்த அழகை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, அவள் விட்ட நூலை நானே வெட்டினேன். எதிர்த்துக் கேட்டதற்கு, "வலிப்பு இல்லேன்னு பெரிய ஆஸ்பத்திரியில லெட்டர் வாங்கியா, மெஷின் தர்றேன்," என்றார். முடியாது என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

வீட்டில் என் மாமியார், பேய்க்கும் பார் நோய்க்கும் பார் என்கிற கட்சி. ஞாயிற்றுக்கிழமை சபையில் எனக்காக உபவாச ஜெபம் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாமல் பள்ளிகொண்டா பக்கம் ஒருவரிடம் என் பெயருக்குக் கயிறு மந்திரித்து வாங்கி வருவார். நோய்க்குப் பார்த்தவர் பஜாரில் ஒரு டாக்டர். மூன்று நிமிஷம் பார்த்தார். அதில் இரண்டு நிமிஷம் போனில் பேசினார். வலிப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். தூங்கித் தூங்கி விழுந்தேன், விழவேண்டிய நாளில் தனியாகவும் விழுந்தேன்.

என் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை செய்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அம்மா சொன்னாலும் சரி என்பார், நான் சொன்னாலும் சரி என்பார். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். தன் ஆபீசில் யாரோ சொன்னதைக் கேட்டு, ரயில்வே ஆஸ்பத்திரியில் நாலு நாள் நடையாக நடந்து, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்கு எனக்குக் கடிதம் வாங்கி வந்தார். "தலைக்கு இல்லமே, நெஞ்சுக்குப் பாக்கணுமாம்," என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஊரே தலையில் கோளாறு என்று சொல்லும்போது இவர் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று.

அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. "நீங்க விழுந்தப்ப உங்க முகம் வெளுத்துச்சா, சிவந்துச்சா? பாத்தவங்க யாராவது வந்திருக்காங்களா?" பார்த்தவர்கள் இருபது பேர் இருந்தார்கள். முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் சாவி தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஈ.சி.ஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. உடம்பில் ஒயர்களை ஒட்டி ஒரு பெட்டியை இடுப்பில் கட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பள்ளிக்கூடம் இருப்பது போல என் இதயம் அன்று அவ்வளவு ஒழுங்காக அடித்தது. மாதக்கணக்கில் ஒரு தடவை வருவதை ஒரு நாளில் பிடிக்க முடியாது என்றார் டாக்டர். அதற்கு அப்போது புதிதாக ஒன்று வந்திருந்தது. நெஞ்சின் இடது பக்கத்தில் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடும் ஒரு சின்னக் கருவி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

கருவிகளைப் பார்க்கும் டெக்னீஷியன் ஒரு இளம்பெண். பொறுமைசாலி. என்னிடமே கோபப்படாமல் பேசினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் விளக்கினாள். அந்தக் கருவி இதயத்துடிப்பை எழுதிக்கொண்டே இருக்குமாம். இடம் தீர்ந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே எழுதுமாம். நான் விழுந்தபின், பேஜர் அளவில் அவள் கொடுத்த இன்னொரு பெட்டியை நெஞ்சில் கருவிக்கு நேராக வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் அதுவரை எழுதியது அழியாமல் நிற்கும். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் போனது போனதுதான்.

"நீங்க அமுக்கலாம், பக்கத்துல இருக்கற யாரு வேணாலும் அமுக்கலாம். ஆனா ஒண்ணுக்கா, இது வைத்தியம் பண்ணாது. நடந்ததுக்கு சாட்சி சொல்லும், அவ்வளவுதான்."

சாட்சி என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு வேண்டியது அதுதான். உயிர்ப் பயம் எனக்கு அப்போது இல்லை. என் மெஷின் திரும்ப வேண்டும், அந்தச் சாவிக்கொத்துக்காரர் முகத்தில் அந்தக் கடிதத்தை விசிற வேண்டும். மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டு, அரை மணி நேரத்தில் வைத்துத் தைத்துவிட்டார்கள். பேட்டரி ஒரு வருஷத்துக்குச் சற்று மேலே வரும் என்றார்கள். அதற்குள் நான் விழ வேண்டும், யாராவது அமுக்க வேண்டும். விழுவதற்காகக் காத்திருந்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து விளக்கினேன். எங்கே வைக்க வேண்டும், எப்படி அமுக்க வேண்டும், எப்போது அமுக்க வேண்டும். பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். தலையை ஆட்டினார்கள். மறுநாளே அதற்கு உயிர்ப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அக்கா, உள்ள கரண்டு இருக்குதா? உன்னத் தொட்டா எங்களுக்கு அடிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி அன்றிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்காரவே இல்லை. சூப்பர்வைசர் எதையும் காதில் வாங்காமல் கடைசி வரிசையில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னார்:

"அடுத்த தடவ விழட்டும். நானே அமுக்குறேன். டிராமாவா இல்லியான்னு குட்டு வெளிய வந்துடும்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்காரப் பயந்தவளும் சிரித்தாள்.

முதல் வாய்ப்பை வீணாக்கியது கேட்டில் இருந்த செக்யூரிட்டி. செல்போன் அப்போதுதான் ஊருக்குள் தலைகாட்டியிருந்தது. கம்பெனிக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுவும் போனுதானேம்மா," என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, "சாயங்காலம் வாங்கிக்கோ," என்றார். அன்று பதினொரு மணிக்கு விழுந்தேன். எழுந்து, தள்ளாடித் தள்ளாடிக் கேட்டுக்குப் போனால், பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டு ஆள் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. என் நெஞ்சுக்குள் இருந்த சாட்சி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நான் கேட்டில் நின்று கத்தியதை எழுதிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் மேனேஜர் வரைக்கும் போய் அனுமதி வாங்கினேன். மிச்சமான லைனிங் தோலில் ஒரு பை தைத்து, அதற்குள் பெட்டியைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தையல் நன்றாக வந்திருந்தது. இனி எவன் தடுப்பான் என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். விழுந்தேன். பெண்கள் ஓடிவந்தார்கள். என் கழுத்துப் பையைப் பார்த்ததும் ஒருத்திக்குப் பயம் வந்துவிட்டது. மயக்கத்தில் உருண்டு உயிர்ப் பெட்டி உடைந்துவிட்டால் என்ன செய்வது? பத்திரமாக இருக்கட்டும் என்று கழற்றி, சூப்பர்வைசர் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். இழுப்பறை மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. இன்னொருத்தி, இரும்பு இரும்பு என்று கத்தி, சூப்பர்வைசரின் சாவிக்கொத்தை வாங்கி என் கையில் திணித்தாள். அவர் எனக்குச் சாவியைக் கொடுத்த கையோடு கேன்டீனுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் எழுந்து கழுத்தைத் தடவினேன். "எங்கடி என் பெட்டி?"

"பத்திரமா இருக்குதுக்கா. சார் டிராயர்ல வெச்சிட்டேன்."

"தொற."

"பூட்டிக்கிச்சே. சார் வந்தாத்தான் தொறக்க முடியும்."

கையில் இருந்த சாவிக்கொத்தை எரிச்சலில் தூக்கி எறிந்தேன். அது தோல் அடுக்கிவைத்த ரேக்குக்குக் கீழே போய் விழுந்தது. அப்புறம் கேன்டீனுக்கு ஆள் அனுப்பினோம். அவர் சாம்பாரை வழித்துச் சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் பெல்ட்டைத் தடவிவிட்டு, "சாவியத்தான் உன் கையில குடுத்துட்டுப் போனேனே," என்றார். கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். எனக்கு வெண்ணெயைக் கையில் கொடுத்ததும் அவர்கள்தான், நெய்க்கு அலையவிட்டதும் அவர்கள்தான், வெண்ணெயைத் தூக்கி எறிந்தது மட்டும் நான். கைக்குள் இருந்ததை நான் ஒரு தடவை பார்த்திருக்கலாம். மற்றவர்கள் புத்தியை எடைபோட்டே பழகியவளுக்கு அது தோன்றவில்லை. ரேக்கை நகர்த்திச் சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தபோது ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

இரண்டு தடவையும் வேலூரில் அந்தப் பெண் தன் கம்ப்யூட்டரில் என் நெஞ்சைப் படித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லக்கா," என்றாள். அவள் சொன்னது பதிவில் ஒன்றும் இல்லை என்று. கம்பெனியில் அது வேறு மாதிரிப் பரவியது. "பெரிய ஆஸ்பத்திரிலயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாம். நெஞ்சுல மிஷின் வெச்சும் மாட்டல." ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என் வீட்டுக்காரர்கூட ஒரு நாள், "உனக்கு மனசுல ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார். அன்று அவரோடு பேசவில்லை. பேட்டரிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள். வெயில் காலம், ஷிப்மென்ட் வாரம். நூல் மேசையில் இருந்தேன். வயிறு புரண்டது. பசை வாசனை மட்டும் நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் சூப்பர்வைசரின் முகம். அவர் கை என் இடது மார்பின்மேல். மூச்சு விடாமல் என்னவோ கத்திக்கொண்டிருந்தார். காது அடைத்திருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றிலும் நாற்பது பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. குட்டை வெளியே கொண்டுவரப் போகிறேன் என்றாரே, கொண்டுவருகிறார், அதுவும் என் நெஞ்சில் கைவைத்து, எல்லாரும் பார்க்க.

அறைந்தேன். என் உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வலது கையில் வழக்கம்போல ஒரு சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். அவருடையதுதான். அந்தக் கையாலேயே அறைந்தேன். கண்ணுக்குக் கீழே கிழிந்து ரத்தம் சட்டைமேல் வழிந்தது.

அதற்கப்புறம் ஒரே கூச்சல். மேல கைய வெச்சாரு என்று பாதிப் பேர், சூப்பர்வைசர அடிச்சிட்டா என்று பாதிப் பேர். என்னை செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்தார்கள். பொத்தான் என்று ஒன்று இருந்ததே எனக்கு அப்போது நினைவில்லை. சாயங்காலம் சஸ்பெண்ட் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மெஷினும் போனது, நூல் மேசையும் போனது.

இரண்டு நாள் கழித்து வேலூருக்குப் போனேன், கருவியை எடுத்துவிடச் சொல்லத்தான். போதும் என்று ஆகிவிட்டது. டெக்னீஷியன் வழக்கம்போலப் படித்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"யாரோ அமுக்கியிருக்காங்கக்கா."

காகிதம் நீளமாக வெளியே வந்தது. அவள் பேனா முனையால் காட்டிக்கொண்டே போனாள். ஒழுங்கான துடிப்பு. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிறகு ஒரு நேர்க்கோடு. அந்தக் கோடு நீண்டுகொண்டே போனது. "பதினொரு நொடி," என்றாள். "உங்க இதயம் பதினொரு நொடி நின்னிருக்கு. ரத்தம் மூளைக்குப் போகாததாலதான் கை கால் இழுக்குது. வலிப்பே இல்லக்கா இது." நான் மனதுக்குள் பதினொன்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுகிற நேரம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கோட்டுக்குப் பிறகு துடிப்பு மெல்ல மெல்லத் திரும்பியிருந்தது. அதற்கு அடுத்தாற்போல் பொத்தான் அமுக்கிய இடத்தில் ஒரு அடையாளம். அதற்கும் பிறகு கன்னாபின்னாவென்று ஒரு கிறுக்கல்.

"இது என்னக்கா? நெஞ்சுத் தசை பயங்கரமா அசைஞ்சிருக்கு. எழுந்ததும் என்ன செஞ்சீங்க?"

"ஒருத்தர அறைஞ்சேன்."

அவள் சிரித்தாள். நான் அழுதேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை, கோபம். இத்தனை வருஷம் டிராமா என்றார்களே, அந்தப் பதினொரு நொடியையும் நான் நடித்தேனா? டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவை பதினொன்றோடு நிற்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார். அந்த வாரமே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். வலிப்பு இல்லை, மெஷினில் உட்கார்ந்து தாராளமாக வேலை செய்யலாம் என்று கடிதமும் கொடுத்தார்கள். அதை வீட்டில் நாலு தடவை படித்தேன். மாமியார் தன் கயிறுதான் வேலை செய்தது என்றார்.

கம்பெனி ஆபீசில் கடிதத்தைப் படித்துவிட்டு, மெஷின் கொடுப்பதில் தடை இல்லை என்றார்கள். ஆனால் சூப்பர்வைசரை அடித்ததற்கு லைனுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் விசாரணை. என் வீட்டுக்காரர், "ஒரு வார்த்தைதானேமே, சொல்லிட்டு வந்துடு," என்றார். அவருக்கு என்ன, அவர் தினமும் சொல்கிற வார்த்தை அது. நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு நாள் யோசித்தேன். என் மெஷினில் எவளோ உட்கார்ந்து அந்த வளைவைக் கோணலாகத் தைத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்புதான் என்னைப் போகவைத்தது.

மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் நின்றார்கள். அவர் கண்ணுக்குக் கீழே தையல் போட்டிருந்தது. மூன்று தையல், மூன்றும் கோணல். "தப்பு பண்ணிட்டேன் சார். மன்னிச்சிடுங்க," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது.

"அட, விடும்மா," என்றார் அவர். "அன்னிக்கி உன் மூஞ்சிய நீ பாக்கல. நாங்க பாத்தோம். ஒதடு நீலமா போய்டுச்சி. மூச்சே இல்ல. இதுங்க சாவி சாவின்னு கத்தி என் சாவியப் புடுங்கி உன் கையில வெச்சுதுங்க. நீ எழுந்திருக்கல. எனக்கு கை காலே ஓடல. அப்பதான் உயிர்ப் பெட்டி ஞாபகம் வந்துச்சி. பொம்பள நெஞ்சுல கைய வெக்கறதான்னு யோசிக்க எங்க டைம்? வெச்சேன், அமுக்குனேன். டபக்குன்னு கண்ணத் தொறந்துட்ட. உயிர் வந்துடுச்சி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்க அமுக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் நின்ற இதயம் ஓடும் என்று நினைத்துக்கொண்டு அமுக்கியிருக்கிறார். பல் குத்திக்கொண்டு நின்றவருக்கு எங்கே வைப்பது என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது, எதற்கு என்பது விழவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கடைந்தெடுத்த முட்டாள்.

"சார், அது உயிர் குடுக்காது, எழுதித்தான் வெக்கும்," என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யார் தப்பாகப் பேசினாலும் அங்கேயே திருத்திவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. ஆனால் அது எதற்கு என்று பத்துத் தடவை கேட்டுத் தலையாட்டிய நாற்பது பேரும் அங்கேயே நின்றார்கள். அவர்களில் ஒருத்திகூட அமுக்கவில்லை. வாக்கியத்தை விழுங்கிவிட்டு என் மெஷினில் போய் உட்கார்ந்தேன். ஊசியின் உயரத்தை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்யவே அரை நாள் ஆனது.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் அதற்குப் பிறகும் மையில்லாத மூன்று பேனாவோடுதான் வந்தார். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் கண்ணுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டி, உயிர்ப் பெட்டிக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பெட்டி கொஞ்சம் பெரிதாகும், நான் செத்துக் கிடந்த நேரமும் கொஞ்சம் ஜாஸ்தியாகும். பதினொரு நொடி என்று பலமுறை நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு மனதுக்குள் திருத்தினேன்.

சில வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்ற அன்று, லைனில் கேக் வெட்டினார்கள். புதிய சூப்பர்வைசர் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கதையைச் சொன்னார். அன்று நான் கால் மணி நேரம் செத்துக் கிடந்தேனாம். புதுப் பெண்கள் நம்பாமல் சிரித்தார்கள். அவருக்கு முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, நீயே சொல்லு. பொய்யா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தார்கள்.

"பொய் இல்ல சார்," என்றேன். "நீங்கதான் உயிர் குடுத்தீங்க."